முன்சக்கரத்துக்கு ஒரு மட்கார்டு

நவம்பர் 3, திங்கள்

இந்த நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். வெட்கத்துக்காக எதையும் விட மாட்டேன். இது அப்பாவின் தேயிலைத் தொழிற்சாலையில் போன வருடம் கொடுத்த டைரி. தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தாது. அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்ட கிழமையை அடித்துவிட்டுச் சரியான கிழமையை எழுதுகிறேன். முதல் உண்மை அது.

என் பெயர் லிடியா. ஒன்பதாம் வகுப்பு. கோத்தகிரி மார்க்கெட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் மேட்டில் எங்கள் வீடு. அப்பா தொழிற்சாலை லாரி ஓட்டுகிறார். அம்மா வீட்டில் தைக்கிறாள். அக்கா பிரிசில்லா, இருபத்து மூன்று வயது, ஒரு சைக்கிள் முகாமில் வழிகாட்டி. வெளியூரிலிருந்து வருகிறவர்களைத் தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் சோலைக்காட்டு ஓரத்திலும் சைக்கிளில் கூட்டிப் போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வருவது அவள் வேலை.

அக்டோபர் 15 அன்று அக்கா விழுந்தாள். மழையில் இரண்டு பேர் வழி தவறிவிட்டார்கள் என்று முகாமிலிருந்து போன் வந்தது. அவசரமாகக் கிளம்பினாள். முகாமுக்குக் கீழே உள்ள கொய்யா வளைவில் முன்சக்கரம் எறிந்த சேறு கண்ணில் அடித்தது. ஒரு நொடி ஒன்றும் தெரியவில்லை. தோளில் காறை எலும்பு முறிந்தது. கழுத்திலிருந்து ஒரு பட்டையில் கையைத் தொங்கவிட்டிருக்கிறாள். டாக்டர் ஆறு வாரம் சொல்லியிருக்கிறார்.

சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடத்தில் அம்மாவின் தையல் மெஷினுக்குப் பின்னால் நிற்கிறது. அதற்கு ஏற்ற மட்கார்டு எது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் கொடுக்கவில்லை. முன்சக்கரத்தில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. இப்போது இல்லை.

மணி பத்தேகால். அக்காவும் நானும் ஒரே அறை. விழுந்த நாளிலிருந்து அவள் விளக்கை அணைக்க விடுவதில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாள். எனக்கு எழுத வசதியாக இருக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. பள்ளி விடுமுறை. மட்கார்டைப் பற்றி ஊர் நூலகத்தில் ஒரு புத்தகமும் இல்லை.

நவம்பர் 5, புதன்

அக்காவின் போனில் இரண்டு மணி நேரம் படித்தேன். சாதாரண சைக்கிளில் சக்கரமும் சட்டமும் சேர்ந்தே குலுங்கும். அதனால் கம்பி வைத்து மட்கார்டைச் சட்டத்தில் முடுக்கிவிடலாம். அக்காவுடையது ஃபுல் சஸ்பென்ஷன். குலுக்கலை வாங்கிக்கொள்ள முன்னால் ஒரு ஷாக், பின்னால் சீட்டுக்கு அடியில் ஒரு ஷாக். கல்லிலோ குழியிலோ இறங்கினால் சட்டம் ஓரளவு அப்படியே இருக்க, சக்கரம் மட்டும் மேலே ஏறி இறங்கும். சட்டத்தில் கட்டிய மட்கார்டை அந்தச் சக்கரம் வந்து இடிக்கும். அப்படியென்றால் மிகவும் தள்ளி வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் சேறு தப்பித்து வரும். இதுதான் பிரச்சினை. நான் நினைத்ததைவிடச் சுவாரசியமானது.

அக்காவிடம் விளக்கினேன்.

"உனக்கு என்னடி திடீர்னு மட்கார்டு பைத்தியம்?" என்றாள்.

"மறுபடி ஓட்டும்போது வேணுமில்ல?"

"முன்னாடி நல்லதாத்தான் இருந்துச்சு. வெறும் கறுப்புப் பிளாஸ்டிக் தகடு. முன்சக்கரத்தப் பிடிச்சிருக்கற ஃபோர்க்ல நாலு கேபிள் டை, அந்தப் பல்லு வச்ச பிளாஸ்டிக் பட்டை, போட்டுக் கட்டியிருந்தேன். நாலும் ஒரே நாள்ல எப்படி அறுந்துச்சுன்னுதான் தெரியல. கிளம்பறப்ப டயரத் தொட்டுப் பாத்தேன், பிரேக்க அழுத்திப் பாத்தேன். அத மட்டும் பாக்கல. எப்பவும் பாப்பேன் லிடி. அன்னிக்குன்னு பாக்கல."

நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

அம்மா கத்தரிக்கோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "துணி வெட்டற கத்திரில பல்லு விழுந்துருக்கு. யாரோ இத வச்சு எதையோ வெட்டியிருக்கீங்க. தகரத்த வெட்டுனீங்களா, என்னத்த வெட்டுனீங்க?" யாரும் பதில் சொல்லவில்லை. மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது.

நவம்பர் 7, வெள்ளி

எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு அதிகாரம் வாசிப்போம். பிறகு ஒவ்வொருவராகக் கண்ணை மூடிச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். முதலில் நான், பிறகு அக்கா, அம்மா, கடைசியில் அப்பா. ஒருவர் ஜெபிக்கும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது. இந்த விதியால் ஒரு விளைவு உண்டு. நேரில் சொல்ல முடியாததையெல்லாம் எல்லோரும் ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறார்கள்.

இன்று அக்கா ஜெபித்தாள்: "ஆண்டவரே, டிசம்பர் ஆறாம் தேதி கொய்யா வளைவு வழியா ஒரு தடவ ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்காங்க முகாம் நளினா மேடம். சரியா ஓட்டுனா பழையபடி வேலை. இல்லாட்டி குன்னூர்லருந்து வேற பொண்ண எடுத்துடுவாங்க. அதுக்குள்ள என் கையச் சுகப்படுத்தும்."

அப்பா முறை வந்தது. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு வேகம் ஜாஸ்தி. இருபத்தேழு வருசமா மலைல வண்டி ஓட்டறவன் சொன்னா கேக்க மாட்டேங்குது. அந்தச் சைக்கிள வாங்கறதுக்கு ஒரு நல்ல மனுசனா அனுப்பி வையும். ஆமென்."

அக்கா ஆமென் சொல்லவில்லை. அம்மா அவளுக்கும் சேர்த்து இரண்டு முறை சொன்னாள்.

நான் என்ன ஜெபித்தேன் என்றும் எழுத வேண்டும். நல்ல மட்கார்டு கிடைக்க வேண்டும் என்று ஜெபித்தேன்.

நவம்பர் 8, சனி

மார்க்கெட்டில் சுலைமான் பாய் கடை. ஊரில் எல்லோருடைய சைக்கிளும் அங்கேதான் போகும்.

"ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மட்கார்டா? அது என்னா பாப்பா, பட்டுப் பாவாடைக்கு ரெயின்கோட்டு மாதிரி. சேத்துல போறதுக்குன்னே வாங்கறாங்க, அப்புறம் சேறு படக் கூடாதுங்கறாங்க."

பின்சக்கரத்துக்கு ஒன்று இருந்தது. நீளமான பிளாஸ்டிக் வால் மாதிரி, சீட்டுக் கம்பியில் கவ்விப் பிடிக்கும். முன்சக்கரத்துக்கு எஃகில் ஒன்றைக் காட்டினார்.

"இது கம்பி வச்சது பாய். ஷாக் உள்ள போனா இடிக்கும். மெல்லிசான தகடு ஒண்ணு வரும். ஃபோர்க்கோட கீழ்ப் பாகத்துல, சக்கரத்தோட சேந்து ஏறி இறங்கற இடத்துல கட்டணும். அப்பதான் டயருக்கும் அதுக்கும் இடைவெளி மாறாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்ளோ தெரிஞ்சவ என்கிட்ட எதுக்கு வந்த? அது கோயம்புத்தூர்லருந்து வரணும். வரும், வராமயும் இருக்கும். அளவு என்னா?"

"இருபத்தஞ்சு சென்டிமீட்டர் நீளம், அகலமான பக்கம் இருபத்து மூணு. நாலு ஓரத்துலயும் ஓட்டை."

"இல்லாத பொருளுக்கு அளவு கரெக்டா சொல்றியே."

அக்கா சொன்னாள் என்றேன். அக்கா சொல்லவில்லை.

நவம்பர் 10, திங்கள்

இடைப்பருவத் தேர்வு விடைத்தாள்கள் கொடுத்தார்கள். அறிவியலில் தொண்ணூற்று நான்கு. வகுப்பில் இரண்டாவது. மார்த்தாள் டீச்சர் தாளை நீட்டிக்கொண்டே, "அன்னிக்கு அடியில ஒரு கறுப்புத் தகட்ட வச்சு எழுதுனியே, அது என்ன? அடுத்த பரீட்சைக்கு ஒழுங்கா ஒரு பரீட்சை அட்டை கொண்டு வா" என்றார்.

சரி டீச்சர் என்றேன்.

அக்காவிடம் மதிப்பெண்ணைச் சொன்னேன். ஒற்றைக் கையால் தலையைத் தட்டிக் கொடுத்தாள். அந்தத் தகடு

மேலே உள்ள வரியை முடிக்க வேண்டியதில்லை.

நவம்பர் 12, புதன்

மழை நின்று மூடுபனி. நான்கு முறை எழுந்து போய்ச் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

நவம்பர் 15, சனி

பாயிடம் வாங்கிய பின்மட்கார்டை அவரையே வீட்டுக்கு வரச் சொல்லிப் பொருத்தினோம். கூரைக் கொக்கியில் கயிறு போட்டுச் சைக்கிளைத் தொங்கவிட்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வைத்து முடுக்கினார். சக்கரத்தைச் சுற்றினார். எங்கேயும் படவில்லை. நான் ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொண்டேன்: மூன்றரை சென்டிமீட்டர்.

அப்போது அப்பா சாப்பாட்டுக்கு வந்தார். "ஓட்டிப் பாக்காம என்னய்யா பொருத்தம்?" என்று கேட்டார்.

"அக்காவால இப்ப ஏற முடியாது, பாப்பாவுக்கு வெயிட்டு பத்தாது. நீங்க வேணா ஏறுங்க சார்."

அப்பா ஏறுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சைக்கிளை இறக்கியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அப்பா எண்பத்து நான்கு கிலோ. பின்ஷாக் உள்ளே போனது. சட்டம் இறங்கியது, சீட்டு இறங்கியது, சீட்டோடு மட்கார்டும் இறங்கி டயரில் உட்கார்ந்துகொண்டது. கால் ஊன்றித் தள்ளியதும் கிர்ர்ர் என்று சத்தம். அம்மா மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு.

பாய் தலையைச் சொறிந்தார். "நாப்பது வருசமா தொங்கவிட்டுத்தான் அளக்கறேன். எந்தச் சைக்கிளும் இப்படி உக்காந்ததில்ல."

ஆள் உட்காராமல் அளந்த அளவு இந்தச் சைக்கிளில் செல்லாது. என் மூன்றரை சென்டிமீட்டரை அடித்துவிட்டேன்.

அப்பா இறங்குவதற்கு முன்னால் இரண்டு முறை மெதுவாகக் குதித்துப் பார்த்தார். "நல்லாத்தான் உள்வாங்குது" என்று தனக்குள் சொன்னார். நான் கவனிப்பதைப் பார்த்ததும் சட்டென்று இறங்கிவிட்டார்.

நவம்பர் 18, செவ்வாய்

அப்பா ஜெபித்த நல்ல மனிதர் கிடைத்துவிட்டார். குன்னூரில் வங்கி அதிகாரி. நவம்பர் 30 ஞாயிறு, ஆராதனை முடிந்தபின் சைக்கிளைப் பார்க்க வருகிறார்.

நவம்பர் 22, சனி

இன்று நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

கைப்பட்டையைப் பகலில் கழற்றலாம் என்று நேற்று டாக்டர் சொன்னார். காலையிலேயே அக்கா, "லிடி, செருப்ப மாத்து. கொய்யா வளைவுக்குப் போறோம்" என்றாள்.

"எதுக்கு?"

"அந்தத் தகட்டத் தேட. அது அங்கதான் எங்கயாவது விழுந்துருக்கணும். டை தானா அறுந்துச்சா, கல்லு பட்டு அறுந்துச்சான்னு பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

பள்ளிப் பையில் தண்ணீர் பாட்டிலைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வேறு பை இல்லை. புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் எடுக்கவில்லை.

முகாமிலிருந்து கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. ஒரு காட்டுக் கொய்யா மரம் நிற்கும் இடத்தில் சட்டென்று இடப்பக்கம் திரும்பிச் செங்குத்தாக இறங்குகிறது. வலப்பக்கம் பள்ளம். அக்கா விழுந்த இடத்தில் ஒரு தேயிலைச் செடி இன்னும் சாய்ந்தே இருந்தது.

"நீ கீழ பாரு, நான் மேல பாக்கறேன்" என்றாள்.

நானும் தேடினேன். ஒவ்வொரு செடிக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். மிகவும் கவனமாகத் தேடினேன். கணுக்காலில் மூன்று அட்டைப் பூச்சிகள் ஏறின. அவற்றை உதிர்க்க அக்கா உப்புத் துணியைத் தூக்கிப் போட்டாள். பையை இறக்கி வைத்துவிட்டுத் தேடச் சொன்னாள். பரவாயில்லை என்றேன். தண்ணீர் பாட்டில் மட்டும் இருக்க வேண்டிய பைக்கு அது கனமாக இருந்தது. முதுகில் ஒரு ஓரம் குத்திக்கொண்டே இருந்தது.

இரண்டு மணி நேரம். ஒரு பிஸ்கட் காகிதமும் யாருடைய கையுறையோ ஒன்றும் கிடைத்தன.

அக்கா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். "அவசரத்துல கிளம்புனேன் லிடி. எத்தன பேருக்குச் சொல்லியிருப்பேன், ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவ சுத்திப் பாருங்கன்னு. நானே பாக்கல. மேடம் இதக் கேட்டா என்ன நம்பி எப்படி ஆள அனுப்புவாங்க? நானே என்ன நம்பலயே."

"நீ பாத்துருப்பக்கா" என்றேன்.

"பாத்திருந்தா இல்லன்னு தெரிஞ்சிருக்குமே."

எனக்கு இதற்குப் பதில் தெரிந்திருந்தது. வாயைத் திறந்தேன். மழை வந்துவிட்டது. ஓடினோம்.

நவம்பர் 23, ஞாயிறு

மழையில் பேச முடியாது என்று ஒன்றும் இல்லை. நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். மழை வருவதற்கு முன்னால் குறைந்தது ஐந்து நிமிடம் இருந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

மாலையில் அக்கா முதல்முறையாகச் சைக்கிளில் ஏறினாள். தெருவில் சமதளத்தில் நன்றாக ஓட்டினாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு உண்டு. நான்கூடப் பள்ளிக்குத் தாமதமானால் ஓடி இறங்குவேன். அதன் விளிம்பு வரை வந்தாள். பிரேக். மறுபடி சுற்றி வந்தாள். பிரேக். ஆறு முறை எண்ணினேன். ஏழாவது முறை சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"கை வலிக்குதாக்கா?"

"கை சரியாத்தான் இருக்கு."

பாயிடம் போனேன். கோயம்புத்தூரிலிருந்து தகடு வரவில்லை. நாளை கேட்டுப் பார் என்றார். வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். புதியதைக் கட்டிவிட்டு, பழையதை எங்காவது போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி இருந்திருப்பேன். மூன்று வாரமாக நான் தேடியது மட்கார்டு இல்லை போலிருக்கிறது.

நவம்பர் 27, வியாழன்

சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "அப்பா, அவரு ஞாயித்துக்கிழம வந்தா குடுத்துருங்க. நளினா மேடத்துக்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

அப்பா கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவர் சந்தோஷப்படவில்லை. தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவசரம் ஒண்ணுமில்லையே" என்றார். "யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன்பா."

மணி பதினொன்று. விளக்கு எரிகிறது. அக்கா கண்ணைத் திறந்தபடியே படுத்திருக்கிறாள். நான் எழுதுவது அவளுக்குத் தெரியும். என்ன எழுதுகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவள் அப்படிப்பட்டவள்.

நவம்பர் 28, வெள்ளி

நேரில் சொல்ல நான்கு முறை முயன்றேன். காலையில் பல் துலக்கும்போது. பள்ளிக்குக் கிளம்பும்போது. மாலையில் அவள் துணி மடிக்கும்போது. இரவில். நான்கு முறையும் வேறு ஏதோ சொன்னேன். ஒருமுறை, "அக்கா, திமிங்கலம் மீன் இல்லை, தெரியுமா?" என்று சொன்னேன்.

நவம்பர் 29, சனி

குடும்ப ஜெபம். அதிகாரம் வாசித்தோம். நான்தான் முதலில். கண்ணை மூடிக்கொண்டேன். யாரும் குறுக்கே பேச முடியாத ஒரே இடம் அதுதான் என்று பள்ளியில் கணக்குப் பாடத்தின் நடுவே எனக்குத் தோன்றியிருந்தது. நான் சொன்னதை நினைவிருக்கும்வரை அப்படியே எழுதுகிறேன்.

"ஆண்டவரே, அக்டோபர் பதினைந்தாம் தேதி காலை ஏழரை மணிக்கு, என் பரீட்சை அட்டை தொலைந்துபோனதால், அம்மாவின் துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து, அக்கா சைக்கிளின் முன்மட்கார்டில் இருந்த நாலு கேபிள் டையையும் வெட்டினேன். அந்தத் தகடு அடியில் வைத்து எழுதச் சரியான அளவாக இருந்தது. சாயங்காலம் திருப்பிக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். பள்ளி விட்டதும் நூலகத்துக்குப் போனதால் வீட்டுக்கு வரத் தாமதமாகிவிட்டது. அதற்குள் அக்கா விழுந்துவிட்டாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எல்லோரும் வேகம் என்றார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. கொய்யா வளைவில் நானும் சேர்ந்து தேடினேன். அப்போது அது என் முதுகில் இருந்தது. அக்கா வேகமாகப் போகவில்லை. டை அறுந்துபோகவில்லை. நான்தான். ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறக்கவும் பயமாக இருந்தது. அடுத்தது அக்காவின் முறை. அவள் ஜெபிக்கவில்லை.

"யாராச்சும் ஆமென்னாவது சொல்லுங்களேன்" என்றாள் அம்மா, அழுகிற குரலில்.

அப்பா தொண்டையைச் செருமினார். "ஆண்டவரே, பிள்ள வேகமாப் போனான்னு ஒன்றர மாசமா உம்மகிட்ட கோள் சொல்லிட்டு இருந்தேன். கண்ணுல சேறு அடிச்சா பத்துச் சக்கர வண்டியும் பள்ளத்துலதான். அது எனக்குத் தெரியாததில்ல. என்ன மன்னியும். சின்னவளுக்கு என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல, அத நீரே பாத்துக்கும். ஆமென்."

அக்கா எழுந்து வந்தாள். "எங்க அது?"

பையின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விளக்குக்கு அடியில் கொண்டுபோய்ப் புரட்டிப் பார்த்தாள். தகட்டின் மேல் என் பேனா அழுந்திய தடங்கள் இருந்தன. கூரான ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே படித்தாள். "ஒளி விலகல் என்றால் என்ன" என்று சத்தமாகப் படித்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆறு வாரம்டி. ஆறு வாரமா நான் ராத்திரி கண்ண மூடுனா அந்த வளைவுதான். எந்த இடத்துல தப்புப் பண்ணேன், எந்த இடத்துல பாக்காம விட்டேன். நீ பக்கத்துக் கட்டில்ல உக்காந்து எழுதிட்டு இருந்த. என்னடி எழுதுன?"

"உண்மையை" என்று சொல்ல முடியவில்லை.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூடத்தில், சைக்கிளுக்குப் பக்கத்தில் பாய் போட்டு எழுதுகிறேன். கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறது.

நவம்பர் 30, ஞாயிறு

வங்கி அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், தொப்பிகூடப் போட்டிருந்தார். சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அக்கா வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

அப்பாதான் பேசினார். "ஒரு விஷயம் சார். இதுக்குச் சரியா மட்கார்டு அமையல."

"அதனால என்னங்க, நான் போட்டுக்கறேன்."

"இல்லைங்க, இது ஃபுல் சஸ்பென்ஷன். ஆள் உக்காந்தாத்தான் அளவே தெரியும். அதெல்லாம் சரி பண்ணாம ஒருத்தர் கைல குடுக்கறது எனக்கு மனசுக்கு ஒப்பல. வண்டிக்காரன் பாருங்க."

"எப்ப சரியாகும்?"

அப்பா அக்காவைப் பார்த்தார். "அது அவதான் சொல்லணும்."

அக்கா உள்ளே போய்விட்டாள். அதிகாரி டீ குடித்துவிட்டுப் போனார். அப்பா என்னிடம், "ஒனக்கு ஒரு மாசம் டிவி கெடையாது" என்றார். நான் டிவி பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். வேறு தண்டனை அவருக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

அக்கா பேசவில்லை. அறையில் படுக்க விட்டாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

பேசவில்லை. மாலையில் அவள் பின்சரிவின் விளிம்பில் சைக்கிளோடு நின்றதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். நெடுநேரம் நின்றாள். இறங்கினாள். அடியில் போய்ப் பிரேக் பிடித்து நின்று மேலே திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

டிசம்பர் 3, புதன்

பள்ளியிலிருந்து வந்தபோது என் மேசையில் ஒரு துண்டுச் சீட்டு: "கேபிள் டை, கறுப்பு, 8."

எட்டு எதற்கு என்று கேட்கத் தைரியம் இல்லை. மழையில் ஓடிப்போய் வாங்கி வந்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

அக்கா சைக்கிளைச் சுவரில் சாய்த்து, தகட்டை என்னிடம் நீட்டினாள். "கட்டு."

"நானா?"

"வெட்டத் தெரிஞ்சவளுக்குக் கட்டத் தெரியாதா?"

தகட்டை வளைத்து, முன்ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் இணைக்கும் பாலத்தில் வைத்தேன். சக்கரத்தோடு சேர்ந்து நகரும் பகுதியில்தான் கட்ட வேண்டும். ஓட்டைகளில் டையைக் கோத்து இழுத்தேன். ஒன்றைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன், பல் பிடிக்கவில்லை. அதை வெட்டிவிட்டு வேறொன்று போட்டேன். எட்டு எதற்கு என்று அப்போது புரிந்தது.

பின்மட்கார்டையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. "அப்பா, ஏறி உக்காருங்க" என்றாள் அக்கா. அப்பா இம்முறை கேட்டவுடன் வந்துவிட்டார், வேட்டியை முன்னாலேயே மடித்துக் கட்டியிருந்தார். அவர் உட்கார்ந்து, ஷாக் இறங்கி, அதற்கு மேலும் இரண்டு முறை குதித்த பிறகு, டயருக்கு மேலே இரண்டு விரல் விட்டு முடுக்கினோம். அப்பா இறங்கியதும் மட்கார்டு அபத்தமாக உயரத்தில், வாலைத் தூக்கிய சேவல் மாதிரி நின்றது.

"அசிங்கமா இருக்கு" என்றாள் அம்மா.

"ஆனா இடிக்காது" என்றேன்.

அக்கா முன்சக்கரத்துக்கு எதிரே குனிந்து நான்கு டையையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். "எனக்கு இன்னும் கோவம் போகல லிடி. எப்பப் போகும்னும் தெரியல. ஆனா நல்லாக் கட்டியிருக்க."

டிசம்பர் 6, சனி

இரவெல்லாம் மழை. காலையில் விட்டது. பாதை முழுக்கச் சேறு.

நளினா மேடம் குள்ளமானவர், விசில் ஒன்றைக் கழுத்தில் போட்டிருந்தார். அப்பா லாரியைக் கீழ்ச் சாலையில் நிறுத்திவிட்டு, டயரில் காற்றுப் பார்ப்பது மாதிரி நடித்துக்கொண்டு நின்றார். நான் கொய்யா மரத்துக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்று அக்காவே சொன்னாள்.

ஏறுவதற்கு முன்னால் சைக்கிளைச் சுற்றி வந்தாள். டயர், பிரேக், சங்கிலி, நான்கு டை. அதன் பிறகுதான் ஏறினாள்.

முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு செடிகளுக்கு மேலே அவள் ஹெல்மெட். வளைவுக்குப் பத்தடி முன்னால் பிரேக் பிடித்தாள். கால் ஊன்றிவிட்டாள். மேடம் விசிலை ஊதவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். அக்கா வளைவைப் பார்த்தாள். என்னையும் பார்த்திருக்கலாம், ஹெல்மெட் நிழலில் கண் தெரியவில்லை. சைக்கிளைத் திருப்பி மேலே தள்ளிக்கொண்டு போனாள். மறுபடி வந்தாள். இந்த முறை நிற்கவில்லை. முன்சக்கரம் மரத்தடிச் சேற்றைத் துப்பியது, தகட்டின் அடியில் அது சட்சட்டென்று அடிப்பது எனக்குக் கேட்டது. இடப்பக்கம் சாய்ந்தாள், இறங்கினாள், போய்விட்டாள்.

கீழே ஓடினேன், மேடமும் பின்னால் வந்தார். அக்காவுக்கு முழங்கால் வரை சேறு. முகத்தில் ஒரு புள்ளி இல்லை.

"கால் ஊன்றிட்டேன் மேடம்" என்று அக்காவே முதலில் சொன்னாள்.

"பாத்தேன். சந்தேகம் வந்தா நிக்கற ஆள்தான் எனக்கு வேணும். நிக்காத ஆளுங்கள எல்லாம் நான்தான் பள்ளத்துலருந்து தூக்கறேன்" என்றார் மேடம். "பதினஞ்சாம் தேதி காலைல ஆறு மணிக்கு வந்துரு. அந்தப் பின்னாடி வால் என்ன, கொடிக்கம்பமா?"

"எங்கப்பா வெயிட்டுக்கு வச்சது மேடம்."

சாலையில் அப்பா சத்தமாக ஒருமுறை ஹாரன் அடித்தார். கை தவறிப் பட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார்.

மாலையில் என் மேசையில் புதிய பரீட்சை அட்டை ஒன்று இருந்தது, கிளிப் வைத்தது. அதன் பின்பக்கம் மார்க்கரில் அக்காவின் கையெழுத்து: "லிடியா. இதை எதிலிருந்தும் வெட்டி எடுக்கவில்லை." ஓடிப்போய் நன்றி சொன்னேன். "அரையாண்டுக்கு ஒழுங்காப் படி" என்றாள். அவ்வளவுதான். கோபம் முழுவதும் போய்விட்டது என்று எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது.

இப்போது ஒன்பதே முக்கால். இவ்வளவையும் எழுதிக்கொண்டிருந்தபோது, "இன்னும் எவ்ளோ நேரம்டி?" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. இரண்டு வரிதான் என்றேன். "இருட்டுல எழுதிக்க, எனக்குத் தூக்கம் வருது" என்று கையை நீட்டி, காறை எலும்பு முறிந்த அந்தப் பக்கத்துக் கையையேதான், சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

வரி கோணலாகப் போகிறது என்று நினைக்கிறேன். விளக்கு அணைந்துவிட்டது.